கூதிர் மாதக் கொடைக்கானல்: அடுப்பங்கரை, அமானுஷ்யம், கொஞ்சம் சங்கீதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தங்க வருபவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி ஒரு வழக்கம் உண்டு. அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பாடு, அப்புறம் விளக்கைக் குறைத்துவிட்டுப் பாட்டு, அதற்கப்புறம் என் மாமியார் சொல்லும் பேய்க்கதை. போனில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இருக்கின்றன.

"அக்கா, அக்டோபர்ல வந்தா அங்க ஆட்டம் பார்க்கலாமா? இலையெல்லாம் சிவப்பா இருக்குமா?"

முதல் தடவை இதைக் கேட்டபோது ஏதோ சாமியாட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இங்கிலீஷில் 'ஆட்டம்' (autumn) என்கிற இலையுதிர்காலத்தைச் சொல்கிறார்கள் என்று புரிய நேரமாயிற்று. இல்லை, அப்படி ஒன்று இங்கே கிடையாது. சோலைக்காடு வருஷம் முழுக்கப் பச்சை. வெள்ளைக்காரர் காலம் தொட்டு நட்ட பைனும் யூக்கலிப்டஸும் சீகை மரமும் கூட மொத்தமாக உதிர்வதில்லை. சோலையில் சிவப்பு தெரிந்தால் அது உதிரப்போகும் இலையாக இருக்காது, புதுத் தளிராக இருக்கும்.

அந்த மாதங்களில் இங்கே வருவது வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும். நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மலை நிலமான குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் கொடுக்கும் பெரும்பொழுது இந்தக் கூதிர், சிறுபொழுது யாமம், அதாவது நடுராத்திரி. மலை, மழைக்குளிர், நடுச்சாமம் மூன்றையும் அன்றைக்கே சேர்த்து வைத்துவிட்டார்கள். நாங்கள் அதில் சேர்த்தது சுக்குக் காபி மட்டும்.

"மழையில வந்து ரூம்லயே உக்காந்திருக்கணுமா?"

பெரும்பாலும் ஆமாம். ஏரியைச் சுற்றுவது, தூண்பாறை பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தை மாதத்துக்குப் பிறகு வாருங்கள். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். மழைக்கோட்டு கொண்டு வாருங்கள்.

"சாப்பாட்டுல என்ன ஸ்பெஷல்? சாக்லேட் உண்டா?"

சாக்லேட் ஏழு ரோட்டுச் சந்திப்பில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும், நாங்கள் செய்வதில்லை. எங்கள் வீட்டில் மலைப்பூண்டுக் குழம்பு, மரத்தக்காளிச் சட்னி, பேரிக்காய் ஜாம், தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு. மரத்தக்காளி என்பது செடித் தக்காளி இல்லை. முட்டை வடிவத்தில் மரத்தில் தொங்கும், தணலில் சுட்டுத் தோலை உரித்துப் பச்சை மிளகாயோடு நசுக்கினால் போதும்.

பூண்டைப் பற்றி என் மாமியார் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் பூம்பாறைக்காரர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல்தான் கிடைத்தது, ஆனால் அவர் வீட்டில் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகத் தொங்கியிருக்கிறது. புகை படப்பட அது மாதக்கணக்கில் கெடாது. காரமும் மணமும் சமவெளிப் பூண்டைவிட அதிகம், பத்துப் பல் போடும் இடத்தில் ஆறு போடுங்கள்.

"நீங்க சொன்ன அளவுலதான் ஜாம் போட்டேன். மதுரையில நல்லா வந்துச்சு, கொடைக்கானல் ரூம்ல கல்லா போயிடுச்சு. ஏன்?"

தெர்மாமீட்டர் வைத்துச் செய்தீர்களா? அதுதான் காரணம். நாம் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீரின் கொதிநிலையைவிட நாலைந்து டிகிரி மேலே. கீழே 104, 105 என்றால் இங்கே 97, 98. நீங்கள் 105 வரட்டும் என்று காத்திருந்தால் தண்ணீரெல்லாம் வற்றி மிட்டாய்ப் பாகாகிவிடும்.

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு கிலோ நாட்டுப் பேரிக்காய்க்கு 650 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் ஓரத்தைத் தள்ளிப் பார்ப்போம், மேலே ஆடை சுருங்கினால் இறக்கிவிடுவோம். இதே கொதிநிலைக் கதையால்தான் இங்கே பருப்பு வெறும் பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கர் இல்லாமல் வராதீர்கள்.

"இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. முறுக்கு வேற நமுத்துப் போகுது."

மாவை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வையுங்கள். சென்னையில் எட்டு மணி நேரம் என்றால் இங்கே முழுசாக ஒரு நாள் கூட ஆகும். முறுக்குக்கு வழி இல்லை, வெறும் தோசைக்கல்லில் சூடு காட்டித் தின்ன வேண்டியதுதான். தீபாவளிப் பலகாரம் மூடுபனியில் என்ன பாடுபடும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"பூண்டை எண்ணெயில போட்டு பாட்டில்ல குடுங்கக்கா, ஊருக்கு எடுத்துட்டுப் போறோம்."

தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பச்சைப் பூண்டில் மண்ணோடு வரும் ஒரு பாக்டீரியா இருக்கலாம். காற்றில் அது சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்கிக் காற்று படாமல் போனால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்று அந்த நோய்க்குப் பெயர். கண் இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். பாட்டிலில் வாசனை, நிறம், நுரை என்று எதுவுமே காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம். கொடைக்கானல் குளிர்தானே என்று வெளியில் வைப்பதும் காப்பாற்றாது.

புளிப்பு ஏறினால் அந்தப் பாக்டீரியா வளராது. அதனால் புளிக்கரைசலும் எலுமிச்சையும் நன்றாகப் பிடித்த பூண்டு ஊறுகாயாகத் தருகிறேன், அதைத் தைரியமாக எடுத்துப் போங்கள்.

"வீட்டு ஒயின்? அப்புறம்… அந்தக் காளான்?"

ஒயின் கிடையாது. உரிமம் இல்லாமல் காய்ச்சினாலும் ஊறவைத்தாலும் மதுவிலக்குச் சட்டம் ஒன்றுதான். போதைக் காளான் கேட்டு வட்டக்கானல் பக்கம் அலைகிறவர்களுக்குப் போதைப்பொருள் சட்டம் தனியாக இருக்கிறது, அதோடு நச்சுக்காளானுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் ஈரல் திரும்பி வராது. பேய் பார்க்க வேண்டுமென்றால் நிதானத்தோடு பாருங்கள்.

"ராத்திரி என்ன பாட்டுப் போடுவீங்க? பேய்ப்பட மியூசிக்கா?"

படக்கென்று அலறும் சத்தங்கள் எனக்குப் பிடிக்காது. அது பயம் இல்லை, திடுக்கிடல். பட்டாசுக்கும் அதே வேலைதான். நான் போடுவது மெதுவாக முதுகில் ஏறுகிற பாட்டு. 1966-இல் வந்த 'யார் நீ' படத்தின் 'நானே வருவேன்' எடுத்துக்கொள்ளுங்கள். சுசீலாவின் குரலில் கடுமையே இல்லை, இனிமைதான். ஆனால் பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது. தகரக் கூரையில் மழை விழும்போது அதைச் சன்னமாக வைத்தால் போதும், யாரும் கழிவறைக்குத் தனியாகப் போக மாட்டார்கள்.

வீட்டுக்காரர் வயலின் கற்றவர். அவர் சொல்வது இது: 'ஸ' என்கிற ஷட்ஜத்திலிருந்து மேல் 'ம' ஆன பிரதி மத்திமத்துக்கு ஆறு அரைச்சுரம், கீழ் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவிலான ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டுகிற தூரம். 'ப' என்கிற பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தால் காதுக்கு நிம்மதி. அதற்கு ஒரு படி கீழே நிறுத்திவிட்டால் வாசலில் யாரோ நின்றுகொண்டு உள்ளே வராத மாதிரி இருக்கும். சுபபந்துவராளி ராகத்தில் அந்தப் பிரதி மத்திமத்தோடு சின்ன ரிஷபமும் சாதாரண காந்தாரமும் சேர்ந்துகொள்வதால் சோகமா திகிலா என்று பிரிக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய எலும்புக்கூடு நடனம் (Danse macabre) என்ற இசையிலும் இதே தந்திரம்தான். ஹார்ப்பில் ஒரே சுரம் பன்னிரண்டு தடவை அடித்து நடுராத்திரி ஆகிவிட்டது என்று சொல்வார், பிறகு மேல் தந்தியை அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்த வயலின் அந்தக் கோணல் இடைவெளியோடு நுழையும். அதுவும் யாமம்தான், பாருங்கள்.

"ஆஹிரி ராகம் பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதாமே? வாசிச்சுக் காட்டுவீங்களா?"

வாசிப்பார், எல்லோரும் சாப்பிட்ட பிறகு. நம்பிக்கையைச் சோதிப்பதற்குச் சாப்பாட்டைப் பணயம் வைப்பானேன்?

இந்த மாதிரி இன்னும் உண்டு. வராளியைக் குரு சீடனுக்கு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பார்கள். புன்னாகவராளி பாடினால் பாம்பு வரும் என்பார்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. பாம்பாட்டியின் மகுடியைப் பார்த்து அது ஆடுவது மகுடியின் அசைவுக்கு. ஐப்பசிக் குளிரில் இங்கே எந்த ராகத்துக்கும் பாம்பு எழுந்து வராது என்பது என் சொந்த அனுபவம்.

"நேத்து ராத்திரி வெளிய யாரோ குரைச்சாங்க, நாய் இல்ல. விடிகாலையில யாரோ பாதையில விசில் அடிச்சிட்டே போனாங்க. ஆளைக் காணோம்."

விசிலடித்தது சீகாரப் பூங்குருவி. கருநீலமாக இருக்கும், ஓடை ஓரத்தில் வாழும். மெட்டு தெரியாத பையன் சும்மா விசிலடித்துக்கொண்டு போகிற மாதிரியே இருக்கும், பாதியில் மெட்டை விட்டுவிடும். குரைத்தது கேளையாடு, அது மான் வகை. ஒரே மாதிரி, இடைவெளி விட்டு, ரொம்ப நேரம் குரைக்கும். 'பொங்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் கடமான். பக்கத்தில் செந்நாயோ சிறுத்தையோ இருக்கிறது என்று பொருள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் சோலைக்குள் மக்கிய மரக்கட்டை இருட்டில் பச்சையாக ஒளிர்வதும் உண்டு. அது ஒளிரும் பூஞ்சை. கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளில் கொஞ்சமாவது இதிலிருந்து வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

"இங்க முனி இருக்காராமே? அவரும் பேய்தானே?"

என் மாமியார் காதில் விழ இப்படிக் கேட்காதீர்கள். முனி காவல் தெய்வம். எல்லையில் நிற்பவர், ராத்திரி ஊரைச் சுற்றி வருபவர். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களுக்குப் பளிச்சியம்மன் இருக்கிறாள். இவர்களுக்குப் பயப்படுவது வேறு, பேய்க்குப் பயப்படுவது வேறு. முன்னது மரியாதையோடு கலந்தது.

மலையில் உறைந்து ஆளை வருத்தும் சூர், அணங்கு என்ற சக்திகளைச் சங்கப் பாட்டுக்களே சொல்கின்றன. தலைவி மெலிந்து போனால் முருகு, அதாவது முருகன், பிடித்துவிட்டது என்று வேலன் என்ற பூசாரியை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவார்கள். பறை முழங்கும், தினை தூவுவார்கள், ஆடு வெட்டுவார்கள். அவளுக்கு வந்தது காதல் நோய் என்று தோழிக்கு மட்டும் தெரியும். சாப்பாடு, தாளம், அமானுஷ்யம் மூன்றும் ஒரே முற்றத்தில், நடுவில் உண்மை தெரிந்த ஒருத்தி. முதல் கேள்வியில் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றார்களே, அதற்கு இதுதான் பதில்.

"கோக்கர்ஸ் வாக்ல பனியில என் நிழல் பெருசா நின்னுச்சு, தலையைச் சுத்தி வானவில். ஃப்ரெண்டுக்கு என் நிழல்ல அது தெரியலையாம். எனக்கு ஏதாவது ஆகப்போகுதா?"

கொடுத்து வைத்தவர் நீங்கள். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன், முன்னால் பள்ளத்தில் மூடுபனி, இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் அது தெரியும். ப்ராக்கன் நிழல் என்பார்கள். ஜெர்மனியில் உள்ள மலையின் பெயர் அது. பனித்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கோணத்தால் ஒவ்வொருவருக்கும் தன் தலையைச் சுற்றி மட்டுமே அந்த வளையம் தெரியும். உங்கள் நண்பருக்கு அவர் தலையைச் சுற்றித் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

"ராத்திரி முழிப்பு வந்துச்சு, ஆனா அசைய முடியல. யாரோ நெஞ்சு மேல உக்காந்திருந்தாங்க. அந்த ரூம்ல ஏதாவது நடந்திருக்கா?"

நடக்கவில்லை. வீடு கட்டியதிலிருந்து நாங்கள்தான் இருக்கிறோம். நீங்கள் சொல்வதை ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடம்பு தானாகவே முடங்கிக் கிடக்கும், மூளை மட்டும் முன்னால் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். அலுப்பு, மல்லாந்து படுப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்தால் அதிகம் வரும். மலைப்பாதையில் காரோட்டிவிட்டு வந்து நடுராத்திரி வரை பேய்க்கதை கேட்டால் வராமல் என்ன செய்யும்?

ஆனால் தலைவலி, குமட்டல், அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள், பிறகு என்னை எழுப்புங்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை விருந்தினர்கள் நான் சொல்லியும் கேட்காமல் கோழி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். தண்ணீர் கேட்க வந்த பையன் தள்ளாடியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பூண்டு எண்ணெய் பற்றிச் சொன்னேனே, அதே ஜாதி. 1921-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. வீட்டில் காலடிச் சத்தம், உருவங்கள், யாரோ தொடுவது போன்ற உணர்வு. கடைசியில் பார்த்தால் கணப்பு உலை பழுதாகிப் புகை வீட்டுக்குள் கசிந்திருக்கிறது.

சத்தமும் இப்படிச் செய்யும் என்று ஒரு கருத்து உண்டு. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் ஒன்றைப் பார்த்தார். மறுநாள் பிடிப்பானில் மாட்டி வைத்த வாள்வீச்சுப் போட்டிக் கத்தி தானாக நடுங்கியது. தேடிப் பார்த்ததில் புதிதாக மாட்டிய காற்றாடி. நம் காது கேட்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, நொடிக்கு 19 அதிர்வு அளவில் அது முனகிக்கொண்டிருந்தது. 1998-இல் இதை எழுதினார். எல்லாப் பேய் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

"குணா குகைக்கு ராத்திரி கூட்டிட்டுப் போய் அங்கயே கதை சொல்லுங்களேன்?"

முடியாது. ராத்திரி நடையே கிடையாது. தெருவில் காட்டுமாடு நிற்கும், ஒரு டன் வரை கூட வரும் உடம்பு, பனியில் பத்தடியில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் குகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் சாத்தானின் சமையலறை. 1991-இல் 'குணா' படம் வந்த பிறகு இப்போதைய பெயர். பிளவிலிருந்து பனி எழும்புவதைப் பார்த்தால் அடுப்புப் புகை போலவே இருக்கும், பழைய பெயர் பொருத்தம்தான். ஆனால் அந்தப் பிளவுகளில் விழுந்து செத்தவர்கள் பலர், அவர்களுக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள். 2006-இல் கேரளத்து இளைஞர் ஒருவர் விழுந்தபோது நண்பர் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தார். அந்தக் கதையை வேண்டுமானால் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஆள் பிழைத்தார். எங்கள் அடுப்பங்கரையில் ஒரு விதி உண்டு: பெயர் தெரிந்தவர்களின் சாவு பேய்க்கதையாகாது. இன்னொரு விதி, நாங்களாகப் பொய்ப்பேய் காட்ட மாட்டோம். ஜன்னலைத் தட்டுவது, ஒளித்து வைத்த ஸ்பீக்கர், எதுவும் இல்லை.

"ஹாலோவீன் நம்ம கலாச்சாரமா? இதையெல்லாம் ஏன் இறக்குமதி பண்றீங்க?"

நான் ஹாலோவீன் கொண்டாடுவதாக எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கேட்டதால் சொல்கிறேன். அக்டோபர் 31 ராத்திரி பேய் வேஷம் போடும் மேலைநாட்டு விழா அது, ஐரோப்பாவின் பழைய கெல்ட் மக்களின் 'சௌவின்' (Samhain) என்ற பருவ விழாவிலிருந்து வந்தது என்பார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள், அமெரிக்கா போன பிறகு பூசணி. நாமோ சாம்பல் பூசணிக்கு மீசையும் கோரைப்பல்லும் வரைந்து வீட்டு வாசலில் தொங்கவிடுகிறவர்கள். ஆயுத பூஜைக்கு முச்சந்தியில் உடைத்து, அடுத்தவன் பைக்கை வழுக்கிவிடவும் செய்கிறோம். அவர்கள் தீ வளர்த்தார்கள், நாம் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோம். செத்தவர்களுக்குப் புரட்டாசியில் மகாளய அமாவாசை. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அன்றைக்கு அவர்கள் கல்லறை கழுவிப் பூ வைத்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில்தான் காபி. இதில் எதை இறக்குமதி செய்வது?

"குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாமா? பயப்பட மாட்டாங்களா?"

வரலாம். அவர்களுக்கு ஒன்பது மணிக்குக் கதை முடிந்துவிடும், சுபபந்துவராளியும் கிடையாது. நம்மைவிட நல்ல கேள்வி அவர்கள்தான் கேட்கிறார்கள். போன கார்த்திகையில் ஒரு பையன், ஆறு வயது இருக்கும், கதை நடுவில் என் மாமியாரை நிறுத்தி, "பாட்டி, பேய்க்குக் குளிராதா?" என்றான். "குளிரும்பா, அதான் அடுப்பங்கரைப் பக்கமே சுத்துது" என்றார் அவர், யோசிக்கவே இல்லை.

படுக்கப் போகும் முன் அவன் தன் தட்டிலிருந்த கொழுக்கட்டை ஒன்றை ஜன்னலுக்கு வெளியே திண்டில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். காலையில் திண்டில் ஒன்றும் இல்லை, ஈரத்தில் மரநாயின் கால்தடம் மட்டும் இருந்தது. அவன் எழுந்து வருவதற்குள் துணி எடுத்துத் துடைத்துவிட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை.